உயிர் மீண்டபின் உடல் என்ன செய்கிறது: ஐ.சி.யூ. நோயாளியின் இயங்குதிறனை அளப்பது பற்றி

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரின் தொடையின் முன்பக்கத் தசை பத்தே நாளில் ஆறில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் கரைந்துபோகிறது. லண்டனில் 63 நோயாளிகளை அல்ட்ராசவுண்ட் கருவியால் தொடர்ந்து அளந்து 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதைக் காட்டியது. முதல் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையே தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு குறைந்திருந்தது. ஓர் உறுப்பு மட்டும் பழுதானவர்களைவிட, நுரையீரல், சிறுநீரகம், இரத்த ஓட்டம் என்று பலவும் ஒன்றாகக் கெட்டவர்களுக்கு இழப்பு மிக அதிகம்.

இந்த எண்ணைக் குமரி மாவட்டத்து உடல்களின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். குலசேகரத்திலும் அருமனையிலும் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சரிவான தோட்டத்தில் மரம் மரமாக நடக்கிறார். வெட்டுப்பட்டை கீழே இறங்க இறங்கக் குனிந்தும் குத்தவைத்தும் வெட்டுகிறார். குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்தை மணலில் தள்ளி இறக்குகிறவருக்கு இடுப்பும் தொடையும்தான் மூலதனம். தோவாளையில் பூப் பறிக்கிற பெண், முந்திரி ஆலையில் நாளெல்லாம் உட்கார்ந்து பருப்புடைக்கிற பெண், மிச்சமிருக்கும் பனையேறிகள் என்று எல்லாருடைய வீட்டு வருமானமும் தசையில்தான் இருக்கிறது. ஆறில் ஒரு பங்கு தசை போவது இவர்களுக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடும் விஷயம் அல்ல.

ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் கேட்பவை எந்த ஊரிலும் ஒன்றேதான். கண் விழித்தாரா, குழாயை எடுத்தாயிற்றா, வார்டுக்கு எப்போது மாற்றுவார்கள். உயிர் ஊசலாடும்போது முழங்காலை நீட்ட முடிகிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. தோன்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்தக் கேள்வியை மருத்துவக் குழு கேட்டுக்கொள்ள வேண்டும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கு மணி சார்ட்டில் ஏறுகின்றன. இந்த உடல் இன்று என்ன செய்தது என்பதும் ஒரு நாளுக்கு ஒருமுறையாவது எண்ணாக ஏற வேண்டும். அந்த எண் ஐ.சி.யூ.விலேயே தங்கிவிடாமல் வார்டுக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் நோயாளியோடு போக வேண்டும். இந்தக் கட்டுரை வற்புறுத்துவது இதைத்தான்.

தசை ஏன் போகிறது

படுத்தே கிடப்பது ஒரு காரணம். அது மட்டும் காரணம் இல்லை. கடுமையான தொற்று ரத்தத்தில் பரவி உடல் முழுக்க அழற்சி மூளும்போது, உடல் தன் தசைப் புரதத்தையே உடைத்துச் செலவழிக்கிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை, நாள்கணக்கில் கொடுக்கப்படும் மயக்க மருந்து, உறுப்புகள் அடுத்தடுத்துச் செயலிழப்பது ஆகியவை அதோடு சேர்கின்றன. சிலருக்கு நரம்பு இழைகள் கெடுகின்றன, சிலருக்குத் தசை இழைகள், பலருக்கு இரண்டும். ஐ.சி.யூ.வில் இருந்த காலத்தில் வந்து சேரும் இந்தத் தளர்ச்சிக்கென்று ஓர் அடையாளம் உண்டு: இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், தோளும் இடுப்பும் கூடுதலாகத் தளரும், முகத் தசைகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். விலா இடைத் தசைகளும் உதரவிதானமும் சேர்ந்து தளர்வதால் வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பதும் தள்ளிப்போகும்.

இந்த அடையாளத்தை மனத்தில் வைத்திருப்பது நம் மாவட்டத்தில் ரொம்பத் தேவை. தளர்ந்து கிடக்கிற எல்லாரும் படுக்கையால் தளர்ந்தவர்கள் அல்ல. தோட்டத்தில் கட்டுவிரியனோ நல்லபாம்போ கடித்து வென்டிலேட்டருக்கு வந்தவரின் தளர்ச்சி, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் நஞ்சு வேலை செய்வதால் வருவது. அதில் முதலில் கண்ணிமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அதாவது முகம்தான் முதலில் போகும். பூச்சிமருந்து நஞ்சில் வேறொரு நிலை உண்டு. முதல் நெருக்கடி தணிந்து, ஆள் தேறிவிட்டார் என்று எல்லாரும் மூச்சு விடும் நேரத்தில், ஏறத்தாழ 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தும் தோளும் திடீரெனத் தளர்ந்து மூச்சு நிற்கப் பார்க்கும். இதை 1987இல் இலங்கை மருத்துவர்கள் இருவர் தனியாக அடையாளம் கண்டு எழுதினார்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் அதைப் பிடிக்க எளிய வழி. தலை எழவில்லை என்றால் அது எச்சரிக்கை. ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் தளர்ந்தால் மூளையைப் பார்க்க வேண்டும். எனவே தசையை முறையாகச் சோதிப்பது உடற்பயிற்சிக்கான தயாரிப்பு மட்டும் அல்ல. சில வேளைகளில் நோயைக் கண்டுபிடித்துத் தருவதும் அதுவே.

தீவிர சிகிச்சை என்ற ஏற்பாடே தசை செயலிழந்தவர்களுக்காகப் பிறந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசைகள் முடங்கியவர்கள் செத்துக்கொண்டிருந்தபோது, பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் கையால் காற்றுப் பையை அழுத்தச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் அழுத்தினார்கள். அப்படித் தொடங்கிய துறை, பிறகு மூச்சையும் இதயத்தையும் நொடிக்கு நொடி அளக்கக் கற்றுக்கொண்டது. கையையும் காலையும் முறையாக அளக்கத் தொடங்கியதோ மிகப் பிந்தி, பெரும்பாலும் இந்த நூற்றாண்டில்தான்.

அளக்குமுன் ஆள் விழித்திருக்க வேண்டும்

மயக்க மருந்தில் இருப்பவரிடம் காலைத் தூக்குங்கள் என்றால் தூக்கமாட்டார். அது தளர்ச்சி ஆகாது. ஆகவே எந்தச் சோதனைக்கும் முன் விழிப்பைப் பார்க்கிறார்கள். உலகெங்கும் பழக்கத்தில் இருக்கும் ரிச்மண்ட் அளவு −5 முதல் +4 வரை போகிறது. பூஜ்யம் என்றால் அமைதியாக விழித்திருக்கிறார். அந்தப் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும்போதுதான் தசைச் சோதனைக்குப் பொருள் உண்டு.

விழித்திருந்தால் மட்டும் போதாது, சொல்வதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2002இல் பிரான்ஸ் ஐ.சி.யூ.க்களில் ஏழு நாளோ அதற்கு மேலோ வென்டிலேட்டரில் இருந்து விழித்த 95 பேரைச் சோதித்த ஆய்வு இதற்கு ஐந்து கட்டளைகளை வகுத்தது. கண்ணைத் திறந்து மூடுங்கள், என்னைப் பாருங்கள், வாயைத் திறந்து நாக்கை நீட்டுங்கள், தலையை ஆட்டுங்கள், நான் ஐந்து எண்ணியதும் புருவத்தை உயர்த்துங்கள். இவற்றில் குறைந்தது மூன்றையாவது செய்ய வேண்டும், ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். அந்த ஆய்வில் நான்கில் ஒருவருக்குத் தளர்ச்சி இருந்தது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த ஐந்து கட்டளையிலும் ஊர்வழக்கு நுழைகிறது. ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பதும் நம்மிடம் உண்டு. மேலும் கீழும் ஆட்டவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தால் தவறு சோதிப்பவருடையது. கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் மலையாளம் பேசும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பாட்டிக்கு மலையாளத்தில்தான் சொல்ல வேண்டும். காது மந்தமானவருக்குக் காதருகில் சொல்ல வேண்டும், கண்ணாடி போடுகிறவருக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட வேண்டும். "அண்ணாச்சி, இங்க பாருங்க, கண்ணைத் தொறங்க" என்று ஊர்ப் பேச்சில் கூப்பிட்டால் விழிக்கிறவர், அச்சடித்த தமிழில் கட்டளையிட்டால் விழிக்காமல் இருப்பதும் உண்டு. ஐ.சி.யூ.வில் பலருக்கு வருகிற மனக்குழப்பம் மணிக்கு மணி மாறும். காலையில் குழம்பிக் கிடந்தவர் மாலையில் தெளிவாக இருப்பார். ஒருமுறை பார்த்துவிட்டு 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி மூடிவிடுவது மிக எளிது; அதனால் அளக்கப்படாமலே போகிறவர்கள் நிறைய.

அறுபதுக்கு எத்தனை

தசை வலுவை எண்ணாக்கப் பெரும்பாலும் பயன்படுவது எம்.ஆர்.சி. அளவு. இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுபட்டு வந்த சிப்பாய்களுக்காகப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1943இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து வந்தது. தசையில் ஒரு துடிப்பும் இல்லையென்றால் 0. துடிப்பு தெரிகிறது, ஆனால் அசைவில்லை என்றால் 1. படுக்கையில் கிடைமட்டமாக நகர்த்த முடிகிறது, மேலே தூக்க முடியவில்லை என்றால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்குகிறார் என்றால் 3. சோதிப்பவர் கையால் அழுத்தினாலும் ஓரளவு தாங்குகிறார் என்றால் 4. இயல்பான வலு 5.

ஐ.சி.யூ.வில் ஆறு அசைவுகளை இரண்டு பக்கமும் பார்க்கிறார்கள்: கையைப் பக்கவாட்டில் தோள்மட்டத்துக்கு உயர்த்துவது, முழங்கையை மடக்குவது, மணிக்கட்டை நிமிர்த்துவது, தொடையை வயிற்றை நோக்கி மடக்குவது, முழங்காலை நீட்டுவது, பாதத்தை மேல்நோக்கி இழுப்பது. பன்னிரண்டு இடம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து, ஆக அறுபது. 48க்குக் கீழே போனால் ஐ.சி.யூ. தளர்ச்சி என்று கணக்கு. 36க்குக் கீழே என்றால் கடுமையான தளர்ச்சி.

மருந்து வேண்டாம், கருவி வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும். இருபது படுக்கை உள்ள பெரிய ஆஸ்பத்திரியானாலும் நான்கு படுக்கை உள்ள சிறிய ஆஸ்பத்திரியானாலும் செய்யலாம். ஆனாலும் இதன் பலவீனங்களைத் தெரிந்துகொண்டே கையாள வேண்டும். நான்காம் எண்ணுக்குள் அடங்குவது மிகப் பெரிய பரப்பு. ஒரு விரலால் அழுத்தினால் தாழ்ந்துவிடும் கையும் நான்கு, முழு பலத்தோடு அழுத்தினால் மட்டும் தாழும் கையும் நான்கு. வள்ளம் தள்ளிப் பழகிய ஐம்பது வயது மனிதரின் தொடை பாதி வலு இழந்த பிறகும் சோதிப்பவரின் கையை எதிர்த்துத் தாங்கும்; சார்ட்டில் நான்கோ ஐந்தோ ஏறும். அவர் மட்டுமே அறிவார், எவ்வளவு போயிற்று என்று. தவிர, படுத்த நிலையில் பார்ப்பதும் உட்கார வைத்துப் பார்ப்பதும் வேறு வேறு எண் தரும். முதல் நாள் எந்த நிலையில் பார்த்தார்களோ அதே நிலையில்தான் அடுத்த முறையும் பார்க்க வேண்டும்.

கைப்பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டர் இன்னொரு வழி. ஆணுக்கு 11 கிலோ, பெண்ணுக்கு 7 கிலோ என்ற எல்லைக்குக் கீழே போனால் தளர்ச்சி இருக்கலாம் என்று 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. வேகமாக முடியும், எண்ணும் துல்லியம். கை வீங்கியிருந்தாலோ, மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஊசி இருந்தாலோ நம்ப முடியாது. எம்.ஆர்.சி.க்கு முன்னோட்டமாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்றாக வைக்க வேண்டாம்.

வலு இருந்தும் எழ முடியாதவர்

ஐம்பது மதிப்பெண் வாங்கிய ஒருவர் கட்டில் விளிம்பில் உட்கார வைத்ததும் சாய்ந்துவிடலாம். தலை சுற்றும், ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு வாங்கும், பயம் பிடிக்கும். நிற்பதற்குத் தசை வலு வேண்டும், அதோடு சமநிலை, மூச்சு, மனத்துணிவு எல்லாம் வேண்டும். ஆகவே தசையை அளப்பது ஒன்று, அந்தத் தசையை வைத்து ஆள் என்ன செய்கிறார் என்று அளப்பது இன்னொன்று. இரண்டாவதற்கென்று கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கருவிகள் பல வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே விவரிக்கப் போவதில்லை; நம் ஆஸ்பத்திரிகளுக்கு உதவக்கூடியவற்றை மட்டும் பார்ப்போம்.

இவற்றில் எளிது 2014இல் வெளியான ஐ.சி.யூ. நடமாட்ட அளவு. 0 முதல் 10 வரை ஒரே எண். எதுவும் செய்யாமல் படுத்திருந்தால் 0, படுக்கையிலேயே பயிற்சி என்றால் 1, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தால் 2, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் 3, நின்றால் 4, கட்டிலிலிருந்து நாற்காலிக்குக் கால் வைத்து மாறினால் 5, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைத்தால் 6, இரண்டு பேரோ அதற்கு மேலோ பிடிக்க நடந்தால் 7, ஒருவர் பிடிக்க நடந்தால் 8, ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்துத் தானே நடந்தால் 9, எதுவும் இல்லாமல் நடந்தால் 10. அன்றைக்கு எட்டிய உயர்ந்த நிலையைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். செவிலியர் ஷிப்ட் முடியும்போது ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். நேற்று 3, இன்று 3, நாளையும் 3 என்று நின்றால் ஏன் என்று கேட்க அந்த எண் வழி தருகிறது. அது அவருடைய உடலின் எல்லையாகவும் இருக்கலாம், அவரை எழுப்ப ஆள் இல்லாததாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வழி வேறு.

இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் எஃப்.எஸ்.எஸ். என்ற ஐ.சி.யூ. செயல்நிலை அளவு. புரண்டு படுப்பது, படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, விளிம்பில் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பது, எழுந்து நிற்பது, நடப்பது என்ற ஐந்து செயல்கள், எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7, மொத்தம் 35. லண்டனின் செல்சி ஆஸ்பத்திரியில் உருவான சி.பி.ஏ.எக்ஸ். அளவு பத்து அம்சங்களைப் பார்க்கிறது, மொத்தம் 50. அதன் சிறப்பு, மூச்சு நிலையையும் இருமும் வலுவையும் கைப்பிடியையும் நகர்வோடு சேர்த்துப் பார்ப்பது. சளியை இருமித் துப்ப முடியாதவர் எவ்வளவு நடந்தாலும் மறுபடி நிமோனியாவுக்குத் திரும்பிவிடக்கூடும் என்பதால் இது பொருளுள்ள சேர்க்கை. ஆஸ்திரேலியாவில் உருவான பி.எஃப்.ஐ.டி. சோதனை எழுந்து நிற்க எத்தனை பேர் உதவி, நின்ற இடத்தில் நிமிடத்துக்கு எத்தனை அடி, தோள் வலு, முழங்கால் வலு ஆகிய நான்கையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் தருகிறது. எவ்வளவு பயிற்சி கொடுக்கலாம் என்று முடிவுசெய்ய அது நல்லது. எழுந்து நிற்கவே முடியாதவரிடமோ அதன் பெரும்பகுதி பூஜ்யமாகிவிடும்.

இந்தக் கடைசிக் குறை எல்லாக் கருவிகளுக்கும் ஏதோ ஒரு முனையில் உண்டு. ரொம்பத் தளர்ந்தவரிடம் சில கருவிகள் தரையைத் தொட்டு நின்றுவிடும். அவர் நேற்றைவிடக் கொஞ்சம் தேறியிருந்தாலும் எண் அசையாது. தேறியவரிடம் சில கருவிகள் உச்சியைத் தொட்டுவிடும். இன்னும் பாதி வலு திரும்பாதவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். எனவே ஒரே கருவியால் ஐ.சி.யூ. முதல் வீடு வரை அளக்க முடியாது. என் தேர்வு இது: நாள்தோறும் நடமாட்ட அளவு, தெளிவாக விழித்த அன்றும் ஐ.சி.யூ.விலிருந்து வெளியேறும் அன்றும் எம்.ஆர்.சி.; பிசியோதெரபிஸ்ட் இருக்கும் இடங்களில் எஃப்.எஸ்.எஸ். அல்லது சி.பி.ஏ.எக்ஸ்., இரண்டில் ஒன்று. ஒரே மாவட்டத்தில் ஆளுக்கொரு கருவி வைத்துக்கொண்டால் ஓர் ஆஸ்பத்திரியின் எண் இன்னொன்றுக்குப் புரியாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, தக்கலை அரசு ஆஸ்பத்திரி, நெய்யூர், குலசேகரம், நாகர்கோவில் தனியார் ஆஸ்பத்திரிகள் என்று நோயாளி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுகிறார். பலர் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கும் போகிறார்கள். போகிற இடத்தில் படிக்கத் தெரிந்த எண் கையில் இருக்க வேண்டும்.

எழுப்பலாமா, எப்போது

அளந்ததும் எழுப்பிவிட வேண்டும் என்று பொருளில்லை. 2009இல் அமெரிக்காவில் 104 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த முதல் நாள்களிலேயே மயக்க மருந்தை நிறுத்திப் பயிற்சி தொடங்கியவர்களில் 59 விழுக்காட்டினர் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலையோடு ஆஸ்பத்திரியை விட்டுப் போனார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 35 விழுக்காட்டினர்தான். அதைப் படித்த உற்சாகத்தில் உலகம் முழுக்க ஐ.சி.யூ.க்கள் நோயாளிகளை எழுப்பத் தொடங்கின. பிறகு 2022இல் ஆறு நாடுகளில் 750 பேரிடம் நடந்த பெரிய சோதனை வேறு செய்தி சொன்னது. நாளுக்குச் சராசரி 21 நிமிடம் எழுப்பி இயக்கப்பட்டவர்களுக்கும் 9 நிமிடம் இயக்கப்பட்டவர்களுக்கும் 180 நாள் முடிவில், உயிரோடு ஆஸ்பத்திரிக்கு வெளியே கழித்த நாள்களில் வேறுபாடு இல்லை. இதயத் துடிப்புத் தாறுமாறாவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற தொல்லைகள் கூடுதலாக இயக்கியவர்களிடம் 9.2 விழுக்காடு, மற்றவர்களிடம் 4.1.

இதைப் படித்து இயக்கமே வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். குறைவாக இயக்கப்பட்ட குழுவும் சும்மா படுத்துக் கிடக்கவில்லை, நாள்தோறும் அவர்களும் இயக்கப்பட்டார்கள். அந்தச் சோதனை உணர்த்துவது, எல்லாரையும் ஒரே அளவில் முடுக்குவது உதவாது என்பதே. யாருக்கு எவ்வளவு என்பதை அன்றைய உடல்தான் சொல்லும்; அதைத் தெரிந்துகொள்ளவே அளப்பது. எப்போது தொடங்கலாம் என்பதற்கு 2014இல் வல்லுநர்கள் கூடி வகுத்த வழிகாட்டு எல்லைகள் இருக்கின்றன. கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் 60 விழுக்காட்டுக்குள், ரத்த ஆக்சிஜன் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல், மூச்சு நிமிடத்துக்கு 30க்குள், மூச்சை விட்டபின்னும் நுரையீரல் சுருங்கிவிடாமல் வென்டிலேட்டர் வைத்திருக்கும் பீப் அழுத்தம் 10க்குள் இருந்தால் மூச்சின் பக்கம் பெரிய தடை இல்லை. வாயில் குழாய் இருப்பது மட்டுமே தடையாகாது. 'குழாய் போட்டவரை எப்படி உட்கார வைப்பது' என்று பதறும் உறவினருக்கு இதை நிதானமாக விளக்க வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து அதிக அளவில் ஓடுகிறதா, எலும்பு முறிவு உண்டா, மூளை அழுத்தம் எப்படி என்பதை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வருவதற்கு முன் எப்படி இருந்தார்

எந்தக் கருவியிலும் இல்லாத கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பதில் ஐ.சி.யூ.வுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் இவர் என்ன செய்துகொண்டிருந்தார்? எழுபது வயதில் தோப்பில் தேங்காய் பொறுக்கிக் கட்டிச் சுமந்தவரும், எழுபது வயதில் சுவரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போனவரும் இன்று ஒரே படுக்கையில் ஒரே எண்ணோடு கிடக்கலாம். இழந்தது ஒன்றல்ல; எதிர்பார்க்க வேண்டியதும் ஒன்றல்ல. முதியோரின் நலிவை 1 முதல் 9 வரை குறிக்கும் ராக்வுட் அளவு இதற்காகவே பயன்படுகிறது, அதற்குத் தேவையான தகவல் முழுக்க வீட்டாரிடம்தான். 'முன்பு நன்றாக இருந்தார்' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மாடி ஏறுவாரா, கிணற்றில் தண்ணீர் இறைப்பாரா, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ நடந்து போவாரா, கடைசியாக எப்போது வேலைக்குப் போனார் என்று துருவிக் கேட்க வேண்டும். வரும் உறவினர்களில் யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். வெளிநாட்டிலிருந்து ஓடிவந்த மகனைவிட, தினமும் கூட இருந்த மருமகளுக்குத்தான் சரியான விவரம் தெரியும்.

இங்கே மேலைநாட்டுக் கருவிகளின் ஓர் இடைவெளியும் தெரிகிறது. நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்க்கிறார்கள். தரையிலிருந்து எழுவதைப் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் பலரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பாயில் படுக்கிறார்கள், குத்தவைக்கும் கழிப்பறையையே பயன்படுத்துகிறார்கள். எஃப்.எஸ்.எஸ். அளவில் உதவியில்லாமல் ஏறத்தாழ 45 மீட்டர் நடந்தால் நடைக்கு முழு மதிப்பெண். ஆஸ்பத்திரி வராந்தாவின் சமதரையில் அது போதும். மலையோரச் சரிவிலும் கடற்கரை மணலிலும் போதாது. அன்றாட வேலைகளை அளக்கும் பார்தெல் அளவில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூடப் பால் வெட்டும் கத்தியை மறுபடி எடுக்க முடியாமல் இருக்கலாம். அந்தக் கருவிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவற்றோடு மூன்று வரி கூடுதலாக எழுதலாம்: தரையிலிருந்து எழுந்தாரா, குத்தவைத்து எழுந்தாரா, வீட்டு வாசற்படி உயரத்துக்கு ஏறினாரா. நம் பிசியோதெரபிஸ்ட்கள் இவற்றைப் பார்க்காமல் இல்லை; எழுதி வைப்பதுதான் குறைவு.

வீட்டுக்குப் போகும் காகிதம்

டிஸ்சார்ஜ் சம்மரியில் ரத்தப் பரிசோதனைகள் வரிசையாக இருக்கும், மருந்துகள் வேளைவாரியாக இருக்கும். ஆள் எப்படி வந்தார், எப்படிப் போகிறார் என்பதற்கு 'பொது நிலை திருப்தி' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அடுத்து வரும் பிசியோதெரபிஸ்ட் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார். வீட்டாரோ, ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்று நம்பி, ஆகாதபோது நோயாளியைச் சோம்பல் என்று கோபிக்கிறார்கள். அந்தக் கோபத்துக்கு ஆளாகிறவர்கள் படும் வேதனை பெரிது.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்குக் கனடாவின் டொரான்டோவில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 109 பேரின் அனுபவம் ஒரு விடை. கடுமையான நுரையீரல் செயலிழப்பிலிருந்து பிழைத்தவர்கள் அவர்கள். ஐ.சி.யூ.விலிருந்து வரும்போது உடல் எடையில் 18 விழுக்காட்டை இழந்திருந்தார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது, ஓராண்டு கழித்தும் அந்த வயதினருக்கு எதிர்பார்க்கப்படும் தூரத்தில் 66 விழுக்காடுதான். வேலைக்குத் திரும்பியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். ஐந்தாண்டு கழித்தும் நடந்த தூரம் எதிர்பார்க்கப்படுவதில் 76 விழுக்காடுதான். நுரையீரல் பெரிதும் சரியாகியிருந்தது, பின்தங்கி நின்றது தசைதான். இந்த நெடுங்கால உடல், மன, அறிவுத் தளர்ச்சிகளைச் சேர்த்து ஐ.சி.யூ.வுக்குப் பிந்தைய நோய்க்குறி என்று 2012 முதல் தனிப்பெயரிட்டே அழைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டுக்குப் போனபின் கைகொடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. ஐ.சி.யூ.விலிருந்து வந்தவருக்கு அதைக் கேட்டுப் பெறலாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். அப்படி வருகிறவரின் கையில் கொடுக்க, டிஸ்சார்ஜ் நாளன்று குடும்பத்தார் நான்கு விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: வென்டிலேட்டரில் இருந்த நாள்கள், எம்.ஆர்.சி. மதிப்பெண் அறுபதுக்கு எத்தனை, ஆஸ்பத்திரியில் எட்டிய உயர்ந்த நடமாட்ட நிலை, எழவும் நடக்கவும் எத்தனை பேர் உதவி வேண்டும். மருத்துவரிடம் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வீட்டில் பார்க்க எளிய சோதனையும் உண்டு. உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு, முப்பது நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டால் முதல் வாரம் பூஜ்யம் என்றே எழுதலாம், அதில் குறைவொன்றும் இல்லை. வாரம் ஒருமுறை, ஒரே நாற்காலி, ஒரே நேரம். எண் ஏறுவதைப் பார்க்கும்போது நோயாளிக்கே நம்பிக்கை வருகிறது. இரண்டு மூன்று வாரமாக எண் அசையவில்லையென்றால் சாப்பாட்டில் புரதம் போதுமா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, மனச்சோர்வு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீனும் முட்டையும் பயறும் நம் ஊரில் கிடைக்காத பொருள்கள் அல்ல. உடம்பு சரியில்லாதவருக்குக் கஞ்சி மட்டும் என்ற பழக்கத்தை இந்த நோயாளிகளிடம் கைவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடட்டும்.

எண் ஏறிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று இறங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால், சாப்பிடும்போது தொடர்ந்து புரையேறினால், படுத்தால் மூச்சு முட்டினால் நாற்காலிச் சோதனையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அந்தக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு.